எனக்கென்று வாங்கிய மைனா

எங்கள் அப்பா வாக்குத் தவறாதவர். தென்காசியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வரப்புத் தகராறா, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையா, பால்வண்ணநாத பிள்ளை வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஒரு பெண்ணின் கழுத்தை அறுக்கலாம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அதைத் தெரிந்துகொண்டது 1961-ஆம் வருஷம், ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாக்கு எனக்குப் பதினோரு வயதில் கிடைத்தது. குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு குழல்வாய்மொழி அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டிருந்தோம். என் பெயரும் குழல்வாய்மொழிதான். வரும் வழியில் ஒரு கடையில் மலை மைனா ஒன்று மனுஷக் குரலில் “யாரு? யாரு?” என்று கேட்டதைப் பார்த்திருந்தேன். எனக்கும் அதேபோல ஒன்று வேண்டுமென்று சந்நிதி என்றும் பார்க்காமல் காலை உதைத்து அழுதேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மானம் போயிற்று. அர்ச்சகர் நீட்டிய தட்டில் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அம்மன் சாட்சியாச் சொல்லுதேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸாயிரு, மலை மைனா வாங்கித் தாரேன். இப்பம் வாய மூடு” என்றார்.

நான் மூடினேன். அதன் பிறகு மைனாவைப் பற்றி அவரிடம் பேசவே இல்லை. ஆனால் ஒருநாளும் மறக்கவில்லை. கணக்குப் பாடம் மண்டையில் ஏறாத நாட்களில், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பேன்.

பாஸானேன். சும்மா பாஸ் இல்லை, பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. ஹெட்மிஸ்ட்ரஸ் தாமே விண்ணப்பம் வாங்கி நிரப்பி அனுப்பினார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.யில் இடமும் ஹாஸ்டலும் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஜூலை மூன்றாம் தேதி திங்கட்கிழமை, தகப்பனார் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு அவரும் நேரில் வர வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். படிவத்தை அப்பாவிடம் கொடுத்தேன். “பாக்கலாம்” என்று பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தார். அப்பா ‘பாக்கலாம்’ என்றால் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன் நான். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் புறப்படும்போதே அப்பா தெருவுக்கெல்லாம் கேட்கும்படி, “எம் புள்ளைக்குச் சூடத்தத் தொட்டுச் சொன்னத நெறவேத்தப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். அவருடைய சிநேகிதர் பிச்சையா மாமாவும் கூட வந்தார். எனக்கு மட்டும் ஒரே யோசனை. எட்டு நாளில் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறவளுக்கு மைனா எதற்கு? லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாமா, அதற்குள் என்னை மறந்துவிடுமா, அம்மாவிடம் பழகிவிடுமா, பேசாமல் படித்து முடித்துவிட்டே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று பஸ்ஸில் மனசு இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே வந்தது. சொல்ல வாய் வரவில்லை. ஆசை அப்படி.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. சீசன் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. பறவைக் கடைக்காரர் பெயர் பரீது, கடையநல்லூர்க்காரர். கூடையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய குஞ்சுக்கு இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. கறுப்புக் கந்தலைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் என் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது பாருங்கள், உடம்பில் பாதி வாய்தான்.

“ஒங்கிட்டயே பழகட்டும், நீயே ஒரு வாய் குடும்மா” என்று வாழையிலைத் துண்டில் இருந்த சின்ன உருண்டையை என்னிடம் கொடுத்தார் பரீது. அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. பொரிகடலை மாவும் வாழப்பழமும் பெசஞ்சு உருண்ட. வெளிச்சம் வந்ததுலேருந்து பொழுதடையுற வரைக்கும் மணிக்கொரு வாட்டி குடுக்கணும். பாலு, தயிரு, சோறு ஆவாது, வயித்தால போயி செத்துரும். மூணு மாசம் ஒரே கை. கை மாறிக்கிட்டே இருந்தா வாயத் தொறக்காது. வீட்டுல அப்படிப் பாத்துக்கிட ஆளு இருக்கா?”

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அதுக்கென்ன? இவ வீட்டுலதான இருக்கப் போறா.”

உருண்டை என் விரலில் இருந்தது. குஞ்சு வாயைத் திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. என் படிப்பு முடிந்தது என்ற சேதியை என் அப்பா என்னிடம் சொல்லவில்லை, ஒரு பறவைக் கடைக்காரரிடம் சொன்னார். அதுவும் போகிறபோக்கில், குடையை மடக்கிக்கொண்டே!

“அப்பா, வார மூணாந்தேதி காலேஜ்ல…” என்று ஆரம்பித்தேன்.

“காலேஜா? காலேஜுக்கு அனுப்புதேன்னு நான் எப்பமாச்சும் சொன்னனா? பாஸானா மைனான்னு சொன்னேன். வாங்கித் தாரேன். சொன்னதச் செஞ்சாச்சு. இனிம வீட்டோட இரு, அடுத்த தையில ஒரு எடம் பாப்போம்.”

நான் அந்த உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தேன். குஞ்சு வாயை மூடவில்லை. அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“எனக்கு மைனா வேண்டாம்” என்றேன்.

“என்னது?”

“வேண்டாம். நீங்க வாங்குங்க, கூண்டோட வாங்குங்க. நான் கை நீட்டி வாங்க மாட்டேன். நான் வாங்காம நீங்க தந்ததா ஆவாது. அம்மன்கிட்ட சொன்னது அப்படியே நிக்கட்டும்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஈரத்தலையோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். பரீது கூடையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். பிச்சையா மாமாதான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாரே! “வேய், புள்ள சொல்லுததுல ஞாயம் இருக்குவே” என்று சிரித்தார். அப்பாவின் முகம் கறுத்தது. ஊரெல்லாம் நியாயம் சொல்கிற மனுஷனுக்கு நடுரோட்டில் மகள் நியாயம் சொன்னால் பொறுக்குமா? மூங்கில் கூண்டோடு குஞ்சை வாங்கினார். பஸ்ஸில் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டை அடுக்களை வாசலில் வைத்து, “மங்களம், இதப் பாத்துக்கிடு. மகாராணி தொட மாட்டாளாம்” என்றார்.

மங்களேஸ்வரி என் அம்மா. அப்பா ஒன்று சொல்லி அவள் மறுத்து நான் பார்த்ததே இல்லை. அவள் குழந்தை மாதிரி அதை வாங்கிக்கொள்வாள், அப்பா ஜெயித்துவிடுவார், எனக்குத் தையில் கல்யாணம் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“நான் தொட மாட்டேன்.”

“ஒனக்கு என்னட்டி வந்திச்சு?”

“அங்கன பாருங்க” என்று கூடத்து மூலையைக் காட்டினாள். அங்கே தையல் மிஷின் இருந்தது. அம்மா பிறந்த வீட்டுச் சீரோடு வந்தது. அதன்மேல் பழைய வேட்டி ஒன்று மூடியிருக்கும். வேட்டிக்கு மேல் பஞ்சாங்கமும் அப்பாவின் கண்ணாடிக்கூடும் இருக்கும். “அது எப்படி வந்ததுன்னு தெரியுமா ஒங்களுக்கு? கடையத்துல எட்டாங்கிளாஸ்ல நாந்தான் மொதல். மேல படிக்க அம்பாசமுத்திரத்துக்குப் போவணும்னு மூணு நாளு சாப்பிடாமக் கெடந்தேன். எங்கப்பா மிஷின வாங்கிக் கொண்டாந்து எறக்குனாவ. ‘எம்மவ கேட்டா, வாங்கிக் குடுத்துட்டேன்’னு தெருவெல்லாம் சொன்னாவ. நான் கேட்டது மிஷினா? வாங்கிக்கிட்டேன். வாயும் அடஞ்சி போச்சு. இருவது வருசத்துல அதுல ஒரு தையல் போட்டிருக்கனா, நீங்களே சொல்லுங்க. இவ காயிதத்தையும் கொண்டு அதுமேலதான வச்சிருக்கிய!”

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. என் பாவாடை சட்டையெல்லாம் கடைத்தெரு டெய்லரிடம் போவதைப் பார்த்து, வீட்டில் மிஷின் இருந்தும் தைக்கத் துப்பில்லாத அம்மா என்று எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஒருநாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாமே நான்! கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை.

குஞ்சு கத்தியது. வெகுநேரம் கத்தியது. கடைசியில் அப்பாவே எழுந்துபோய்ப் பொரிகடலையைத் திரித்து மாவாக்கினார்.

மறுநாளிலிருந்து அந்தக் கூத்து ஆரம்பமாயிற்று. விடிந்ததும் உருண்டை, ஒரு மணி நேரம் கழித்து உருண்டை, அதற்குள் கூண்டுத் துணி மாற்றல், மறுபடி உருண்டை. வயலுக்குப் போக முடியவில்லை. கோயிலுக்குப் போக முடியவில்லை. புளியறையிலிருந்து யாரோ இரண்டு பேர் சுவர்த் தகராறுக்கு அவரைக் கூட்டிப்போக வந்தார்கள். அப்பா மடியில் துண்டை விரித்து, மாவு படிந்த விரலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். பிச்சையா மாமா தினமும் வந்து, “மக என்ன, வாங்கிக்கிட்டாளா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கென்றே வந்தார் அந்த மனுஷன்.

புதன்கிழமை அப்பா வெட்கத்தை விட்டு என்னிடம் கேட்டார். “ஏட்டி, இன்னைக்கு ஒரு நா மட்டும் பாத்துக்கிடு. புளியறைக்குப் போயிட்டு வந்திருதேன்.”

“நான் தொட்டா அது என்னோடதாயிரும். சொன்னதச் செஞ்சாச்சும்பிய. எனக்கு வேண்டாம்.”

“வாயில்லாச் சீவன்கிட்டயா ஒன் வீம்பக் காட்டுத?”

“வாய் இருக்கப்பட்ட சீவனுக்கு மட்டும் என்ன செஞ்சியளாம்?”

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கையில் குஞ்சு இருந்ததால் தப்பித்தேன்.

வீம்புதான். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது கத்தும்போதெல்லாம் என் கை தானாக நீளும். பாவாடையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷம் பெயர் வைத்துப் பார்த்த பறவை, எட்டடி தூரத்தில் பசிக்கு அழுகிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு நிலைமையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாரே என்றுதான் அப்பாமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குஞ்சின் சத்தம் கேட்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் திக்கென்றது. எழுந்துபோய்ப் பார்த்தேன். கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாலடியில் வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்தில் குழையப் பிசைந்த தயிர்சாதம்!

எங்கள் வீட்டில் எதற்கும் தயிர்சாதம்தான். காய்ச்சலுக்குத் தயிர்சாதம், பரீட்சைக்குத் தயிர்சாதம், யாத்திரைக்குத் தயிர்சாதம், வாசலுக்கு வரும் பூனைக்கும் தயிர்சாதம். இவர் ஒன்றின்மேல் பிரியம் வைத்தால் அதன் வாயில் தயிர்சாதத்தைத்தான் திணிப்பார்.

“என்ன காரியம் செஞ்சிருக்கிய!” என்று கத்தினேன். அப்பாவைப் பார்த்து அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. “தயிரு ஆவாதுன்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்லா! அந்நேரம் காத எங்க வச்சிருந்திய?”

“மாவே தின்னுக்கிட்டு இருக்கே, பாவம், குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான்…”

“பாவமாம்! அதுக்கு என்ன வேணும்னு சொன்னாலும் ஒங்களுக்குக் கேக்காது. ஒங்களுக்குத் தோணுனதத்தான் குடுப்பிய. யாரு சொல்லி எதக் கேட்டிருக்கிய நீங்க?”

அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அப்பா குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற முகமாக அது இல்லை. “இப்பம் என்ன செய்யணும்? சொல்லேன், ஏட்டி” என்றார்.

கை வைக்கக்கூடாது என்ற முடிவு என்னிடம் இன்னும் இருந்தது. போதாததற்கு, கை மாறினால் வாயைத் திறக்காது என்றும் பரீது சொல்லியிருந்தார். அதனால் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். வெந்நீரில் துணி நனைத்து அடியைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். உருண்டையை இன்னும் தண்ணியாக, பட்டாணி அளவுக்கு உருட்டச் சொன்னேன். உருட்டினார். “அது பெரிசு, இன்னும் சின்னதா” என்றேன். கிள்ளி எடுத்தார். அலகின் ஓரத்தில் லேசாகத் தட்டச் சொன்னேன். “திணிக்காதிய! அதுவாத் தொறக்கட்டும்” என்று மறுபடியும் கத்தினேன். இரண்டு மணி நேரம் நான் சொல்வதை அவர் செய்தார். என் பதினேழு வயதில் அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அது வாயைத் திறந்தது. அம்மா “அப்பாடா” என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா குஞ்சைக் கூண்டில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். “நீ கை வச்சிருக்கலாம்லா? வைக்கலையே” என்றார்.

“வைக்க மாட்டேன்.”

“அஞ்சு நாளா இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மண்ட காயுது. வாசலுக்குப் போயித் திரும்புததுக்குள்ள இது கத்துது.”

“அஞ்சு நாளைக்கே இப்படின்னா, அம்மாவக் கேளுங்க.”

அப்பா அவளைக் கேட்கவில்லை. விறுவிறென்று மூலைக்குப் போனார். மிஷின் மேலிருந்த பஞ்சாங்கத்தைப் பிடுங்கி, படிவத்தை உருவி, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார். “இந்தா, போ! போய்த் தொல!” என்று என் காலடியில் எறிந்தார். இதைக்கூடக் கையில் கொடுக்கத் தெரியாதா? எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரயிலில் மூன்று பேர் போனோம். அப்பா, நான், மைனா. குஞ்சை வீட்டில் விட்டுவர முடியாது, ஒரே கை அல்லவா? ஜன்னலோரத்தில் கூண்டு, மடியில் மாவு டப்பா. அம்பாசமுத்திரத்தில் ஒரு உருண்டை, சேரன்மகாதேவியில் ஒரு உருண்டை. எதிரே உட்கார்ந்திருந்தவர், “யாருக்கு அண்ணாச்சி மைனா?” என்று கேட்டபோது, “எம் மவளுக்கு. அம்மன் கோயில்ல சத்தியம் பண்ணிச் சொன்னது” என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மனுஷன் இன்னும் விடவில்லையே!

கல்லூரி வாசலில் பெட்டியும் படுக்கையுமாகப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தியின் பின்னாலும் ஓர் அப்பா. வார்டன் அம்மாள் படிவத்தை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நிமிர்ந்ததும் கூண்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இது என்ன? இந்தப் பெண்ணுடையதா? வளர்ப்புப் பிராணியோடு வந்தால் சேர்க்க மாட்டோம் என்று கடிதத்திலேயே அச்சடித்திருக்கிறோமே. படிக்கவில்லையா? இவளுக்கென்று வாங்கியதா இது?”

அப்பா கூண்டைப் பார்த்தார். ஒரே வார்த்தை, ‘ஆமா’ என்று சொன்னால் போதும். மைனா என்னுடையதாகிவிடும், அம்மனிடம் சொன்ன வாக்கு நிறைவேறிவிடும், எனக்கு இடமும் போய்விடும், அடுத்த ரயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவர் நினைத்ததெல்லாம் அவருக்குக் கிடைத்துவிடும். அதுவும் பொய் சொல்லாமலே. ரயிலில் அதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்? சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பெட்டியின் கைப்பிடியை விரல் நோகும்வரை பிடித்துக்கொண்டேன்.

“இல்லம்மா” என்றார் அப்பா. “இது என்னோடது. எனக்குன்னு வாங்குனது.”

“உங்களுக்கா?” வார்டன் அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா. எனக்கு மைனான்னா ரொம்ப ஆச.”

வாழ்நாளில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். வார்டன் அம்மாள் பதிவேட்டில் என் பெயரை எழுதிவிட்டு, “பறவையை வெளியே கொண்டுபோங்கள்” என்றார்.

அப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து மாவு டப்பாவைத் திறந்தார். குஞ்சு கத்த ஆரம்பித்துவிட்டது, ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் பெட்டியோடு போய் அவர் முன்னால் நின்றேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உள்ளுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. மற்றப் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு நடந்து வந்த இந்த வாசலுக்கு, நான் மட்டும் ஏன் இத்தனை சண்டை போட்டு வர வேண்டும்?

“அப்பம் எனக்குத் தாரேன்னு சூடத்தத் தொட்டுச் சொன்னது?” என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன்.

அப்பா நிமிரவில்லை. பட்டாணி அளவுக்கு ஓர் உருண்டை உருட்டி, அலகின் ஓரத்தில் லேசாகத் தட்டி, அதுவாக வாயைத் திறக்கும்வரை காத்திருந்தார்.

“இன்னும் தரல” என்றார். “போ உள்ள. மணி அடிச்சிட்டான்.”